மரிச்சவர் ஃபோல்டரில் உயிரோடு இருந்த சார்

லேப்டாப்பில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியதும் ஃப்ளெக்ஸ் டிசைனர்களே, உங்கள் கை டெலீட்டுக்குப் போகிற வேகம் இருக்கிறதே, அப்பப்பா! போன வாரம் பாறசாலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்ட பிறகு எனக்கு அதுதான் போக்கிடம். டிசைன் செய்கிற தங்கச்சி ஒரு ஃபோல்டரை அப்படியே பிடித்து, ஷிப்டை அமுக்கி, டெலீட்டைத் தட்டிவிட்டாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். "பழசாக்கும் சேட்டா" என்றாள். பழசாம். அது ஒரு பதிலா? என்னைக்கூடத்தான் பழசு என்று சொல்லலாம்.

எதை அழிப்பது, எப்படி அழிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே டிசைனுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் ஓகே', 'உண்மையான ஃபைனல்' என்று குட்டி போட்டுக் கிடப்பதையெல்லாம் தாராளமாக அழியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். அழிப்பதற்கு முன்னால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. அதை நான் ஒரு சாரை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலை பார்த்த கடை ரோட்டோரத்தில் சின்னக் கடை. டிசைன் மட்டும் எங்களுடையது, பிரிண்ட் நெய்யாற்றின்கரையில். முதலாளி ஒரு சேச்சி. பெயரை எழுதினால் வீட்டுக்கு வந்து சண்டை போடுவார், அதனால் சேச்சி என்றே இருக்கட்டும். ஃபைலை அழிக்கவும் அனுப்பவும் தவிர கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த ஃபைல் எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். கல்யாண ஃபைல் விருந்து முடிந்ததும் போகலாம். தேர்தல் ஃபைல் ஓட்டு எண்ணியதும் போகலாம். மரிச்சவர்களுடையது, அதாவது செத்துப்போனவர்களுடையது மட்டும் ஒரு வருடம் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே வீட்டுக்காரர்கள் முதலாண்டு நினைவு போர்டுக்கு அதே படத்தைக் கேட்டு வருவார்கள். அதற்கென்று லேப்டாப்பில் 'மரிச்சவர்' என்று ஒரு ஃபோல்டர். நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து சேர்வதற்குள் ஜங்ஷனில் போர்டு ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்தவருக்கு ஆள் இல்லை என்று ஊர் பேசும்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் சார் வந்தார். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சைவக் குடும்பம், ஆற்றுப்பக்கம் பெரிய வீடு, அதில் அவர் மட்டும். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் புனேயில். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நன்றாகச் சீவிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு போர்டு செய்யணும் மக்கா."

"போட்டோ கொண்டு வந்திருக்கியளா சார்?"

"இல்ல. நீயே எடு. அதுக்குத்தான் சட்டை மாத்திட்டு வந்தேன்."

"பிறந்தநாளா சார்?"

"இல்ல மக்கா. மத்தது."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. தனக்கே அஞ்சலி போர்டு செய்ய வந்திருக்கிறார் மனிதர்! மேலே தமிழில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருக்க வேண்டுமாம், மலையாளம் கீழே இருந்தால் போதுமாம். இறந்த தேதிக்கு என்ன போட என்று கேட்டேன். "அத நீ பொறவு போட்டுக்க, எனக்குத் தெரியாதுல்லா" என்றார். சேச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சார் இது இப்ப?" என்றேன்.

"எனக்க மொவன்கிட்ட எனக்க போட்டோ ஒண்ணுகூட உருப்படியா கெடையாது. போன்ல பேசும்போகூட கேமராவ அணைச்சு வச்சிருப்பான். நெட்டு இல்ல, நெட்டு இல்லன்னு சொல்லுவான். சட்டுன்னு ஒண்ணு ஆனா அவன் எங்க போய்த் தேடுவான்?"

படம் எடுத்தேன். கடைச் சுவரில் சாய்ந்து நேராகப் பார்த்தார். நல்ல படம். டிசைனும் செய்தேன். எங்கே வைப்பது? வேறு இடம் இல்லை, 'மரிச்சவர்' ஃபோல்டரில்தான் வைத்தேன். அப்போது ஒரு சிக்கல் வந்தது. அந்த ஃபோல்டரில் இருப்பவர்களுக்கு ஒரு வருடக் கணக்கு. சாருக்கு எந்தக் கணக்கு? சேச்சியின் சட்டத்தில் உயிரோடு இருப்பவரின் அஞ்சலிக்கு இடமே இல்லை. "இடம் வேணும்னு அழிக்க உட்காரும்போ எல்லாம் அந்த ஆளக் கூப்பிட்டுக் கேளு. அவரு சொன்னா அழி, இல்லன்னா தொடாத" என்றார் சேச்சி.

அப்படித்தான் அந்தப் போன் பழக்கம் தொடங்கியது. லேப்டாப் நிறையும்போதெல்லாம் கூப்பிடுவேன். "சார், ஃபைல் இருக்கட்டுமா?" என்பேன். "இருக்கட்டு மக்கா. ஆளும் உண்டு" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவேன். நடுவில் கண்ணாடி மாற்றினார், மீசையை எடுத்தார், ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்து புதுப் படம் எடுத்துக்கொண்டார். அந்த ஃபோல்டரிலேயே கனமான ஆள் அவர்தான்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. உங்களுக்குத் தெரியுமே, அந்த நாட்களில் நமக்குச் சாப்பாடு கிடையாது. கடைக்குள் ஒரு வேட்பாளரின் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். மத்தியானத்துக்குள் போர்டுகள் ஏற வேண்டும். நான் கடைசி டிசைனை சேவ் கொடுக்கிறேன், இடம் இல்லை என்கிறது லேப்டாப். அழிக்கக்கூடியதையெல்லாம் காலையிலேயே அழித்திருந்தேன். மிச்சம் கனமாகக் கிடந்தது சாரின் ஃபைல்கள்தான். "அதத் தூக்கிப் போடுலே, பொறவு செய்து குடுக்கலாம்" என்றார் சேச்சியே. நான் சாரைக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். முதல் மணியிலேயே எடுக்கிற மனிதர் அவர்.

முன்னால் நின்றவன் மேஜையைத் தட்டுகிறான். டெலீட் பொத்தானில் விரல் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் என் பாடு தீர்ந்தது. எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"எலே, எங்கலே போற? பிராந்து பிடிச்சா உனக்கு?" என்று சேச்சி கத்தினார்.

"இப்ப வாறேன் சேச்சி."

சாரின் வீட்டுக் கேட் திறந்திருந்தது. முற்றத்தில் நின்று மறுபடி அடித்தேன். உள்ளே போன் அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். சாப்பாட்டு மேஜையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு, அது அடிப்பதைப் பார்த்தபடி சார் நன்றாக உட்கார்ந்திருந்தார்.

"சார்! என்ன சார் இது? எடுக்கப்பிடாதா?"

"எடுத்தா நீ வரமாட்டியே மக்கா."

சார் ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"எடுத்தா, இருக்கட்டுமா சார்னு கேப்ப. இருக்கட்டுன்னு சொல்லுவேன். வச்சிருவ. இன்னைக்கு எடுக்காம இருந்து பாப்பம்னு தோணிச்சு."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க படிச்ச மனுசன்தானா? அங்க கடையில ஆளு எனக்க கழுத்தப் பிடிக்கான். நான் இஞ்ச உயிரு போய் ஓடி வாறேன். வெளையாட்டா இது?" என்று என்னென்னவோ கத்தினேன். அவர் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க நின்றதும், "இன்னும் கொஞ்சம் ஏசு மக்கா. இந்த வீட்டுல சத்தம் கேட்டு எவ்வளவு காலமாச்சு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்திலா, பயம் விட்டதிலா, தெரியாது. பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தந்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினேன். மாடிப்படியில் தூசி படிந்து கிடந்ததைப் போகும்போதுதான் பார்த்தேன். அந்த வீட்டில் மேலே யாரும் ஏறுவதே இல்லை.

திரும்பி வந்தால் கடையில் கூட்டம் இல்லை. டிசைன் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தது. சேச்சி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பிடி சேச்சி? இடம் ஏது?"

"எனக்க மொவளுக்க கல்யாண வீடியோவ அழிச்சேன்."

கல்யாண ஃபைல் விருந்து முடிந்ததும் போக வேண்டும் என்று சட்டம் போட்டவர், மகளுடையதை மட்டும் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எனக்கே தெரியாது. மகளும் மருமகனும் பிரிந்து இரண்டு வீட்டில் இருக்கிற சமயம் அது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மிண்டாத. வேலையப் பாரு. அந்த ஆளு சொகமாத்தான் இருக்காரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப செரி" என்று கல்லாவுக்குப் போய்விட்டார்.

புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். போனை எடுக்கவில்லை என்றால் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். அழி என்று அர்த்தம் இல்லை. நெருக்கடியில் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும்.

அதற்குப் பிறகு நான் சாரைப் போனில் கேட்பதை நிறுத்தினேன். நேரில் போவேன். "ஃபைல் இருக்கட்டுமா சார்?" என்று வாசலில் நின்றே கேட்பேன். "உள்ள வா, ஆலோசிச்சுச் சொல்லுதேன்" என்பார். ஆலோசிக்க ஒரு மணி நேரம் ஆகும். எனக்கும் வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை என்பதால் அவசரம் இல்லை. மகனைப் பற்றித்தான் பேச்சு. இந்த ஓணத்துக்கு வருவான் என்பார். ஓணம் போகும், கோயில் திருவிழாவுக்கு வருவான் என்பார்.

மகன் வந்தான். வந்தவனிடம் யாரோ, உன் அப்பா தான் செத்தால் வைப்பதற்குப் போர்டு செய்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். நேராகக் கடைக்கு வந்தான். நல்ல உயரம், சார் ஜாடை. கடையில் நாலைந்து பேர் இருக்கும்போதே குரலை உயர்த்தினான்.

"எங்கப்பாவுக்கு ஆள் இல்லைன்னு நினைச்சீங்களா? நான் ஒருத்தன் இருக்கேன். அந்த ஃபைலை இப்பவே டெலீட் பண்ணுங்க. என் கண் முன்னால பண்ணுங்க."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. என் அப்பாவாக இருந்தால் நானும் அப்படித்தான் குதித்திருப்பேன். ஆனாலும் சொன்னேன்: "ஃபைலு உங்களுக்குள்ளது இல்ல. உடையவரு உயிரோட இருக்காரு. அவரு வந்து சொல்லட்டு."

மகன் போன் செய்ய, சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். லேப்டாப்பில் அவர் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். சார் அதைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகனின் முகம் சிவந்து, கண் கலங்கி இருந்தது. சாரின் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு பெருமைதான் இருந்தது. "அவனுக்குக் கோவம் வந்துட்டு, பாத்தியா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அழிச்சிரு மக்கா" என்றார்.

அழித்தேன். எல்லாவற்றையும், மீசை வைத்தது, எடுத்தது, பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி, என் போனில் இருந்த படங்கள் உட்பட. ஒரு காப்பியை எங்காவது பென்டிரைவில் போட்டு வைத்திருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. உடையவர் அழி என்றால் அழிக்க வேண்டும். ஒளித்து வைப்பது நம் தொழிலுக்கு ஆகாது. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அடுத்த தடவை லேப்டாப் நிறைந்தபோது சாரிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. சும்மா ஒருத்தர் வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். கூச்சப்பட்டுக்கொண்டே போனேன். வாசலில் நின்று, "சார், அழிச்சாச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். சார் சிரித்த சிரிப்பு வெளியே ரோட்டுக்குக் கேட்டிருக்கும். "உள்ள வாலே" என்றார். மகன் புனேக்குப் போனபின் கொஞ்ச நாள் தினமும் கூப்பிட்டானாம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு அதுவும் இல்லை. குற்றம் சொல்வதுபோல் அவர் சொல்லவில்லை. வேலை அப்படி, அவன் என்ன செய்வான் என்றுதான் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பால்காரர் கூப்பிட்டுப் பதில் இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். தூக்கத்திலேயே போய்விட்டார் சார். சேதி கடைக்கு வந்தபோது நான் வேறொருவருடைய கல்யாண போர்டில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. புனேயிலிருந்து மகன். விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், மறுநாள் காலையில்தான் ஊர் வந்து சேர முடியும்.

"சேட்டா, அந்த ஃபைல் இருக்கா?"

"இல்லியே. உங்களுக்க முன்னாலதானே அழிச்சேன்."

"ஒரு காப்பிகூட...?"

"இல்ல."

நன்றாகப் படட்டும் என்று நினைக்கிற மனம் எனக்கு அப்போது இல்லை. அவன் அழுவது கேட்டது. அப்பாவின் படம் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்றும், கல்யாணத்தில் தன் பக்கத்தில் அவர் நிற்கிற படம் ஒன்றுதான் இருக்கிறது என்றும் சொல்லி அதை அனுப்பினான்.

படத்தைத் திறந்தேன். மாலையோடு மாப்பிள்ளை, ஒட்டிக்கொண்டு சார். போர்டுக்கு ஆகாத படம். சார் நேராகப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் திரும்பி வாய் நிறையச் சிரிக்கிறார். மகனின் தோள் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. நேரமில்லை, ஜங்ஷனில் ஆட்கள் கம்பு நட்டுக் காத்திருக்கிறார்கள். மகனின் முகத்தை வெட்டினேன். மிச்சமிருந்த தோளை அழித்து, சாரின் சட்டையையே நகலெடுத்து அந்த இடத்தை நிரப்பினேன். அப்படியொரு சுத்தமான வேலை. பார்த்து ஓகே சொல்ல மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"தோள் எங்க சேட்டா?"

"எடுத்துட்டேன். அது வேண்டாத்தது இல்லியா."

"அழிக்காதீங்க." குரல் உடைந்தது. கடையில் வந்து கத்தியபோது இருந்த பட்டணத்துப் பேச்சு போய், சாரின் பேச்சு வந்துவிட்டது. "அது எனக்க தோளாக்கும். அங்கயே நிக்கட்டு."

பின்னால் போகும் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டினேன். தோள் திரும்பி வந்தது. அப்படியே நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினேன். அவன் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் தோள் வந்து அப்பா பக்கத்தில் நின்றுவிட்டது.

வேண்டாதது என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் கடையில் சொன்னதில்லை. உங்கள் வேலையில் ஒரு நாள் யாராவது, பார்க்க அசிங்கமாக இருக்கிற ஒன்றைக் காட்டி, இதை அழிக்காதே என்று சொல்வார்கள். விட்டுவிடுங்கள். உங்கள் பெயர் கெடும், பரவாயில்லை.

என் பெயரும் கெட்டது. மறுநாள் காலை ஜங்ஷனில் போர்டின் கீழே நின்றவர்கள் என்னை ஒரு பிடி பிடித்தார்கள். "கண்ணு போச்சா சேட்டா உனக்கு? ஆருக்கோ உள்ள பாதித் தோள விட்டிருக்கியே" என்றான் ஒருவன். "கவனிக்கல்ல" என்றேன். அவன் விடவில்லை. "படமாவது நேராப் பாக்கத எடுத்திருக்கப்பிடாதா? சார் ஆரப் பாத்து இப்பிடிச் சிரிக்காரு?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் வந்து நின்றிருந்த ஒரு காரின் கதவு திறந்தது. பெட்டியைக்கூட இறக்காமல் சாரின் மகன் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னயப் பாத்தாக்கும்" என்றான்.